போட்ஸ்வானாவின் 'குடை' கூட்டணித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

'ஜனநாயக மாற்றத்திற்கான குடை' என்னும் உங்கள் கூட்டணியின் தலைவர்களுக்கும், அதில் இணைந்துள்ள போட்ஸ்வானா தேசிய முன்னணி, போட்ஸ்வானா மக்கள் கட்சி, முற்போக்காளர் கூட்டணி ஆகியவற்றின் உறுப்பினர்களுக்கும் என் பணிவான வணக்கம்.

உங்கள் நாட்டுப் பள்ளிகளில் பல ஆண்டுகள் கணிதம் கற்பித்தவன் நான். அங்கே எனக்கு வாக்குரிமை இருந்ததில்லை. ஆயினும் 2024 அக்டோபர் 30 அன்று நடந்த தேர்தலின் முடிவுகள் வரத் தொடங்கிய இரவில் நான் உறங்கவில்லை. விடுதலை பெற்ற நாளிலிருந்து 58 ஆண்டுகள் இடைவிடாமல் ஆண்ட போட்ஸ்வானா ஜனநாயகக் கட்சி வீழ்ந்ததும், எண்ணிக்கை முழுமையாக முடியும் முன்பே குடியரசுத் தலைவர் மாசிசி தோல்வியை ஏற்றுக்கொண்டதும், ஒரு கல்லெறியும் இல்லாமல் ஆட்சி உங்கள் கைக்கு மாறியதும் ஆப்பிரிக்கா முழுவதும் பெருமையோடு பேசப்பட வேண்டியவை.

அந்த மகிழ்ச்சி குறையாமலேயே ஒரு கணக்கை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். 2019 தேர்தலில் உங்கள் கூட்டணி ஏறத்தாழ 36 விழுக்காடு வாக்குகளைப் பெற்றது. நாடாளுமன்ற அவையில் தேர்ந்தெடுக்கப்படும் 57 இடங்களில் உங்களுக்குக் கிடைத்தவை 15. 2024இல் ஏறத்தாழ 37 விழுக்காடு பெற்றீர்கள். 61 ஆகக் கூடியிருந்த இடங்களில் 36 உங்களுடையவை ஆயின. இடையில் போட்ஸ்வானா காங்கிரஸ் கட்சி உங்களை விட்டு விலகியது, முற்போக்காளர் கூட்டணி வந்து சேர்ந்தது என்பதை மறக்கவில்லை. இருந்தாலும் மொத்த வாக்குப் பங்கு ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க, இடங்கள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டன. தோற்ற ஜனநாயகக் கட்சியோ சுமார் 30 விழுக்காடு வாக்குகளுக்கு வெறும் 4 இடங்களோடு நிற்கிறது. அதைவிட மிகக் குறைவாக, ஏறத்தாழ 8 விழுக்காடு மட்டுமே பெற்ற போட்ஸ்வானா தேசபக்த முன்னணிக்கு, அதன் ஆதரவு செரோவே என்னும் ஊரிலும் அதைச் சுற்றிய பகுதிகளிலும் திரண்டிருப்பதால், 5 இடங்கள் கிடைத்தன. பத்தில் மூன்று பேரின் குரல் பன்னிரண்டில் ஒருவரின் குரலைவிடச் சிறிதாக ஒலிக்கும் அவையைப் பார்த்து, 'இதுதான் மக்கள் சொன்னது' என்று என் மாணவர்களிடம் என்னால் சொல்ல முடியாது.

ஒரு தொகுதியில் அதிக வாக்கு பெற்றவரே வென்றவர் என்னும் இந்த முறையின் கொடுமையை உங்களைவிட அறிந்தவர் எவருமில்லை. 2014இல் ஜனநாயகக் கட்சியின் வாக்கு முதன்முறையாகப் பாதிக்கும் கீழே, சுமார் 46 விழுக்காட்டிற்கு இறங்கியபோதும் 57இல் 37 இடங்களை அதற்கு அள்ளித் தந்தது இதே முறைதான். குடியரசுத் தலைவரும் மக்களால் நேரடியாகத் தேர்ந்தெடுக்கப்படாமல் அவையின் பெரும்பான்மையிலிருந்தே வருவதால், இந்தக் கோணல் அவையோடு நிற்காமல் ஆட்சியின் உச்சி வரை செல்கிறது. எதிர்க்கட்சி வரிசையில் இருந்தபோது நீங்கள் இதைச் சரியாகவே கண்டித்தீர்கள். இப்போது அதனால் பயன் பெற்றவர்கள் நீங்கள். அடிபட்டவர்கள் நேற்றைய ஆட்சியாளர்கள். இரண்டு பக்கமும் இதன் வலியை உணர்ந்திருக்கும் இத்தகைய தருணம் உங்கள் நாட்டு வரலாற்றில் இதற்கு முன் வாய்த்ததில்லை.

லெசோத்தோ நாட்டை நினைத்துப் பாருங்கள். 1998இல் அங்கே ஒரே கட்சி சுமார் 60 விழுக்காடு வாக்குகளைக் கொண்டு 80 தொகுதிகளில் 79ஐ வென்றது. தோற்றவர்கள் தெருவில் இறங்கினர். அமைதியை மீட்கத் தென்னாப்பிரிக்கப் படையோடு சென்றவர்கள் உங்கள் நாட்டு வீரர்கள். படைகள் நுழைந்தபோது தலைநகர் மசேரு எரிந்தது. அதன் பிறகே அந்த நாடு, தொகுதிகள் எண்பதோடு வாக்குப் பங்கிற்கு ஏற்ப நிரப்பப்படும் 40 இடங்களைச் சேர்த்தது. 2002இல் எதிர்க்கட்சியான பாசோத்தோ தேசியக் கட்சி 21 இடங்களைப் பெற்று அவைக்குள் வந்து அமர்ந்தது. பிற்காலத்தில் கூட்டணிகள் அடிக்கடி உடைந்து அங்கே ஆட்சி தடுமாறியது உண்மைதான். தொகுதியும் வாக்குப் பங்கும் கலந்த இந்தக் கலப்பு முறை எல்லா நோய்க்கும் மருந்தன்று. ஆனால் தெருவில் நடந்த சண்டை அவைக்குள் வந்தது சிறிய செய்தியன்று. கட்சிகள் தரும் வேட்பாளர் பட்டியல் வழியாக நிரப்பப்படும் இடங்கள் இருந்தால், இன்று விரல்விட்டு எண்ணத்தக்க அளவிலேயே தேர்வாகும் பெண்களுக்கும் வழி திறக்கும்.

கட்சி நிதியைப் பற்றியும் கேட்க வேண்டும். தென்னாப்பிரிக்காவும் நமீபியாவும் அவையில் இடம்பெற்ற கட்சிகளுக்கு அரசு நிதி தருகின்றன, போட்ஸ்வானா நெடுங்காலம் தராமலே இருந்தது. நன்கொடை யாரிடமிருந்து வந்தது என்று கட்சிகள் வெளியே சொல்ல வேண்டிய கட்டாயமும் இருந்ததில்லை. வைரத்தையும் மாட்டிறைச்சியையும் நம்பி வாழும் ஒரு நாட்டில், கட்சியின் பிரசார வண்டிக்கு எரிபொருள் போட்டவர் எவர் என்பதை வாக்காளர் அறியாதிருப்பது ஆபத்து. இதையும் முன்பு உரக்கச் சொன்னவர்கள் நீங்களே.

'கோட்லாவில் பேசப்படும் சொல் எல்லாமே அழகானது' என்பது செட்ஸ்வானா மொழி பேசும் மக்களின் முதுமொழி; கோட்லா என்பது ஊர் மன்றம். அங்கே பிடிக்காத பேச்சையும் இருந்து கேட்பவர்கள் உங்கள் முன்னோர். தலைநகரின் அவையில் அந்தப் பேச்சுக்கு இருக்கை மறுக்கும் விதியை நீங்கள் காப்பாற்றலாமா?

உங்களிடம் நான் கேட்பது இதுதான். அரசியலமைப்பை மறுஆய்வு செய்வோம் என்று வாக்குறுதி அளித்திருக்கிறீர்கள். அதில் தேர்தல் முறையையும் கட்சி நிதியையும் முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஜனநாயகக் கட்சியையும் காங்கிரஸ் கட்சியையும் தேசபக்த முன்னணியையும் அழைத்து, ஊர் ஊராகக் கோட்லாக்களில் அமர்ந்து, வாக்குப் பங்கிற்கு ஏற்ற இடங்கள் எத்தனை வேண்டும் என்று விவாதியுங்கள். 2029 தேர்தல் நெருங்குவதற்கு முன், அடுத்து எவர் வெல்வார் என்று எவருக்கும் தெரியாத இந்த நாட்களிலேயே சட்ட முன்வரைவை அவையில் வையுங்கள்.

அன்புடனும் மதிப்புடனும்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஒருவர்