முத்திரை பார்க்காத சென்றி

கிளிநொச்சி,
மாசி, ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து இரண்டு கிழமையாகிறது. காலபோக வெட்டு முடியட்டும், ஆறுதலாக எழுதுவோம் என்று இருந்துவிட்டேன். இந்த முறை இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தார்கள், வயலும் பழுதில்லை. அம்மா சுகம், முழங்கால் நோ மட்டும் அப்படியே. உன்னைப் பற்றி அவ கேட்பது ஒன்றுதான்: குளிருக்குத் தலையில் ஏதும் போடுகிறானா?

சரி, நெல் ஆலைக்கு நான் செய்துகொடுத்த செயலி பற்றிக் கேட்டிருந்தாய். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆலைப் பெடியள் வயலடியில் நின்றே மூட்டைக் கணக்கைப் போனில் பதிவார்கள். லொகின் செய்ததும் சேவர் ஒரு டோக்கன் கொடுக்கும், இன்னார் என்று காட்டும் சீட்டு மாதிரி; ஜேடபிள்யூடி என்பது அதன் வகை. பிறகு அனுப்புகிற ஒவ்வொன்றோடும் அதுவும் போகும். போன மாதம் அறிவியல் நகரில் பொறியியல் படிக்கிற பெடியன் ஒருவன் உதவிக்கு வந்தான். இரண்டாம் நாளே, "அண்ணை, இதைப் பாருங்கோ" என்று மடிக்கணினியைத் திருப்பினான். திரையில் நாட்டு நெல் கிலோ 1,000 ரூபா! விலை மாற்றும் பட்டன் முகாமையாளருக்கு மட்டும்தான் வரும். அவனுக்கு நான் கொடுத்தது கொள்வனவாளர் கணக்கு.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. டோக்கன் என்பது புள்ளி வைத்துப் பிரித்த மூன்று துண்டு. முதல் துண்டு எந்த முறையில் ஒப்பமிட்டது என்று சொல்லும், நடுத்துண்டில் ஆளின் விவரம், கடைசித் துண்டு ஒப்பம். பார்க்க இரகசிய எழுத்து மாதிரி இருந்தாலும் அது பேஸ்64 தான், எழுத்தை மாற்றி எழுதும் ஒரு முறை, பூட்டு இல்லை, யாரும் பிரித்து வாசிக்கலாம். அவன் நடுத்துண்டைப் பிரித்து, கொள்வனவாளரை முகாமையாளர் ஆக்கி, திரும்பக் கட்டி அனுப்பியிருக்கிறான். என் சேவரும் வாங்கிக்கொண்டது. நான் கூப்பிட்டிருந்த கட்டளை 'டிகோட்', கூப்பிட வேண்டியது ஒப்பத்தைச் சரிபார்க்கும் 'வெரிஃபை'. டிகோட் வாசிக்கும், அவ்வளவுதான். ஒப்பத்தை ஏறெடுத்தும் பார்க்காது.

அன்றிரவு எனக்கு அந்தப் பாஸ் ஞாபகம் வந்தது. முன்னம் வன்னியை விட்டு வெளியே போக வரிசையில் நின்று எடுத்தோமே. திரும்பும் திகதியில் 3ஐ 8 ஆக்கப் பார்த்தாய். மை நிறம் ஒத்துவராமல், பயத்தில் கிழித்து வாயில் போட்டாய். அந்த றப்பர் முத்திரை எல்லாப் பாஸிலும் ஒன்றுதான், திகதி மாறினாலும் அது மாறாது. டோக்கனின் ஒப்பம் அப்படியில்லை. முதலிரண்டு துண்டையும் சேவரிடம் மட்டும் இருக்கிற இரகசியச் சாவியையும் சேர்த்து எச்எஸ்256 முறையில் கணக்கிட்டு எடுப்பது. உள்ளே ஒரு எழுத்து மாறினாலும் ஒப்பம் வேறாக வரவேண்டும், சாவி இல்லாதவனால் அதைச் செய்ய ஏலாது. சென்றியில் காவல் நிற்பவன் மேலிடத்துக்கு அடித்துக் கேட்கவும் தேவையில்லை, தானே கணக்கிட்டு ஒப்பிட்டால் போதும். நான் நிறுத்திய சென்றி பேரை வாசித்துவிட்டுப் போ என்றிருக்கிறான்!

வெரிஃபை ஆக்கியாயிற்று. எச்எஸ்256 தவிர வேறொன்றும் ஏற்காதே என்றும் சேவரிலேயே எழுதிவிட்டேன். முதல் துண்டில் 'ஒப்பம் இல்லை' என்று போட்டு அனுப்பினால் அதையும் நம்பிய லைப்ரரிகள் (பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்கள்) 2015இல் பிடிபட்டன, திருடனிடமே பூட்டைப் பற்றிக் கேட்ட கதை. அப்புறம் இன்னொரு கூத்து. காலாவதி நேரத்தை 1970 ஜனவரி 1இலிருந்து செக்கனில் எழுதவேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் நிரல்மொழி தருவது மில்லிசெக்கன், நான் அதை அப்படியே போட்டிருந்தேன். கணக்குப் பார்த்தால் கி.பி. 50,000 தாண்டியும் அந்த டோக்கன் செல்லும்.

உடனே 15 நிமிடமாகக் குறைத்தேன். அடுத்த நாள் அக்கராயன் பக்கம் போன பெடியன் 40 மூட்டையை எண்ணிப் பதிந்து முடித்தபோது சிக்னல் இல்லை. றோட்டுக்கு வந்து சிக்னல் பிடித்தபோது டோக்கன் காலாவதி, சேவர் தள்ளிவிட்டது, பதிந்ததும் போய்விட்டது. வந்து என்னைப் பேசின பேச்சை எழுத ஏலாது. ஆனால் நேரத்தை நீட்டவும் மனமில்லை. ஒப்பமிட்டுக் கொடுத்த டோக்கன் பாஸ் மாதிரித்தான், வேலையை விட்டு நின்றவன் கையிலும் அது முடியும்வரை செல்லும். கடைசியில் 15 நிமிட டோக்கனோடு, புதிதாக எடுக்க 30 நாள் ரிஃப்ரெஷ் டோக்கனும் கொடுத்தேன். அதன் பதிவு டேட்டாபேஸில் இருக்கிறது, நின்றவனுடையதை அழித்துவிடலாம். பதிவும் சேவர் சரி என்று சொல்லும்வரை போனிலேயே கிடக்கும்.

மிச்சம் சாவிதான். சிரிக்காதே, ஆலையின் பேரும் 123உம். ஒரு டோக்கன் கையில் இருந்தாலே, எவனும் தன் கணினியில் வைத்துச் சொல் சொல்லாகப் போட்டுப் பார்த்து அதைக் கண்டுபிடித்திருப்பான். எழுந்தமானமாக 32 பைட் எடுத்து வைத்திருக்கிறேன், இன்று இரவு பத்து மணிக்கு மாற்றப்போகிறேன். ரிஃப்ரெஷ் டோக்கனும் அதே சாவியில்தான் ஒப்பமிட்டது, ஆகவே எல்லாரும் திரும்ப லொகின் செய்யவேண்டும். பாதிப் பேருக்குப் பாஸ்வேர்ட் ஞாபகமிராது, விடியவே கோல் எடுப்பார்கள். இப்போது ஒன்பதே முக்கால். நிற்பாட்டுகிறேன்.

ஆடியில் வருகிறாயா என்று எழுது.

அன்புடன்,
உன் பழைய வாங்குக் கூட்டாளி