ஜெராக்ஸ் கடையும் தெளிஞ்ச வானமும்

மாப்ள,

உன் லெட்டர் போன வாரமே வந்துடுச்சு, பதில் போட லேட்டாயிடுச்சு, திட்டாத. முட்டி வலி எப்படி இருக்கு? அந்த தைலத்தை ஓரமா வெச்சுட்டு முதல்ல டாக்டரைப் போய்ப் பாருடா. இங்க நாலு நாளா விடாத மழை, இன்னிக்குக் காலைலதான் வானம் வெளிவாங்குச்சு, மாடி முழுக்க துணி காயுது.

ரிட்டயர் ஆனதும் லத்தீன் படிக்கப் போறேன்னதுக்கு விழுந்து விழுந்து சிரிச்சியே, இப்பக் கேளு. இந்த மாதிரி மேகமில்லாத வானத்துக்கு அங்க செரேனுஸ்னு ஒரு சொல். காய்ஞ்சதுன்னு அர்த்தம் வர்ற க்ஸேரோஸ்ங்கற கிரேக்கச் சொல்லுக்கு இது உறவுன்னு சொல்றாங்க. நம்ம ஜெராக்ஸ் அதுலேர்ந்து வந்த பேருதான், ஈர மை இல்லாம உலர்ந்த பவுடர்ல காப்பி விழுதுல்ல. அப்போ தெளிஞ்ச வானமும் ஜெராக்ஸ் கடையும் பங்காளிங்க!

கிராமர்தான் உயிரை வாங்குது. பகல் ஆண்பால், அதனால தியேஸ் செரேனுஸ், ராத்திரி பெண்பால், நாக்ஸ் செரேனா, வானம் ரெண்டுமில்ல, கைலும் செரேனும். நான் ராத்திரிக்கும் செரேனுஸ்னே எழுதி வாத்தியார்கிட்ட சிவப்பு மை வாங்கினேன். தமிழ்ல தெளிஞ்சன்னு ஒண்ணை வெச்சுக்கிட்டு எல்லாத்துக்கும் ஒட்டிட்டோம், நிம்மதி.

ஆனா அந்த விகுதித் தொல்லைக்கு ஒரு பலன் இருக்குடா. ஹொராஸ்னு ரோமானியக் கவிஞன், கி.மு. 30 வாக்குல ஒரு வரி எழுதியிருக்கான்: 'நாக்ஸ் எராத் எத் கைலோ ஃபுல்கேபாத் லூனா செரேனோ'. ராத்திரி, தெளிஞ்ச வானத்துல நிலா பளபளத்துச்சு, அவ்வளவுதான் அர்த்தம். கைலோ வானத்துல, செரேனோ தெளிஞ்ச, ரெண்டுக்கும் நடுவுல பளபளப்பும் நிலாவும்! சொல்லுங்க தள்ளித் தள்ளி நின்னாலும் கடைசி ஓகாரம் ரெண்டையும் சேர்த்துப் பிடிச்சுக்குது, நிலா நிஜமாவே வானத்துக்குள்ள நிக்கற மாதிரி ஆயிடுது. நாம நடுவுல நிலாவைப் போட்டுப் பாரு, 'தெளிஞ்ச நிலா வானத்துல', உடனே தெளிஞ்சது நிலாவாப் போயிடும். நம்ம பெயரெச்சம் பெயரை விட்டு நகராது.

வானத்துக்குச் சொன்னதை அப்புறம் சலனமில்லாத முகத்துக்கும் மனசுக்கும் சொல்ல ஆரம்பிச்சாங்க, நாம குளத்துத் தண்ணிக்கும் மனசுக்கும் தெளிவுங்கற மாதிரி. பிற்காலத்துல சக்கரவர்த்தியையே செரேனிதாஸ்னு கூப்பிட்டிருக்காங்க, வெனிஸ் குடியரசுக்கும் செரெனிஸிமான்னு பட்டம். ஸ்பெயின்ல அந்தக் காலத்துல ராத்திரிக் காவல்காரனுக்கே செரேனோன்னுதான் பேரு, மணியையும் வானம் எப்படி இருக்குன்னும் தெருத்தெருவா கத்திக்கிட்டே போவானாம், நம்மூர் கூர்க்கா விசில் ஞாபகம் வந்துச்சு.

சரி, பென்ஷன் பேப்பருக்கு ரெண்டு ஜெராக்ஸ் எடுக்கணும், கடைக்காரன் ஒரு மணிக்கு ஷட்டரை இறக்கிடுவான். தங்கச்சியைக் கேட்டதா சொல்லு.

உன்,
பழைய ரூம்மேட்