வாசல் புல்லுக்குக் களை மருந்து வேண்டாம்: பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு வணக்கம்.

ஒரு வேண்டுகோளோடு எழுதுகிறேன். வீட்டு வாசலில் களை மருந்து அடிப்பதை விட்டுவிடுங்கள், சருகைக் கூட்டிக் கொளுத்துவதையும் விட்டுவிடுங்கள்.

ஓசூரில் இப்போது எந்த லேஅவுட்டுக்குப் போனாலும், வாசலில் கொஞ்சம் இடம் கிடைத்தால் கொரியன் புல் பதித்துவிடுகிறோம். கண்ணுக்குக் குளிர்ச்சிதான், அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் புல்லோரத்திலோ கல் இடுக்கிலோ நாலு களை தலைகாட்டினால் உடனே மருந்து வாங்கி வந்து, கையுறைகூட இல்லாமல் அடித்துவிடுகிறோம், சாயங்காலம் அதே ஈரத்தில் பிள்ளைகள் வெறுங்காலோடு பந்து விளையாடுகிறார்கள், உருண்டு போன பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்துவிட்டு அதே கையால் முறுக்கு தின்கிறார்கள். நம் பள்ளிக்கு எதிர் வீதியிலேயே இதைப் பார்த்தேன்.

கிளைபோசேட் என்ற களை மருந்தைப் பூச்சிக்கட்டுப்பாட்டு ஆட்கள் தவிர வேறு யாரும் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரிலேயே மத்திய அரசு அறிவிக்கை வெளியிட்டது. பாராகுவாட் என்ற இன்னொரு களை மருந்து இன்னும் மோசம், வாய்க்குள் போய்விட்டால் முறிவு மருந்தே கிடையாது. காலி பாட்டிலைக் கழுவி அதில் பினாயில் ஊற்றி வைக்கும் வீடுகளும் உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

அப்புறம் யூரியா. அதில் 46 சதவீதம் தழைச்சத்து (நைட்ரஜன்). புல் சீக்கிரம் பச்சை கட்டட்டும் என்று கை நிறைய அள்ளி வீசுகிறோம், புல் எடுத்துக்கொண்டது போக மீதி ஒரு மழைக்குச் சாக்கடை வழியாக ஏரிக்குப் போகிறது, இன்னொரு பங்கு நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கி நம் போர் தண்ணீரிலேயே வந்து சேர்கிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்திதான் கூடும். அந்தத் தண்ணீரில் பால் பவுடர் கலந்து கொடுத்தால் கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கும்போதெல்லாம் கழிவுநீரை விடும் பெங்களூருவைத் திட்டுகிறோம், நியாயம்தான், ஆனால் நம் வாசலிலிருந்து ஓடுவதை நாம்தானே நிறுத்த வேண்டும்?

காலையில் பிரேயர் நேரத்தில் சுற்றிலும் சருகுப் புகை. வீசிங் உள்ள பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். சருகோடு பால் கவரும் சேர்ந்து எரிகிறது. குப்பையைத் தெருவில் எரிக்கக் கூடாது என்று திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்கின்றன.

சரி, களையை என்ன செய்வது? மழை பெய்த மறுநாள் மண் நெகிழ்ந்திருக்கும்போது களைக்கொத்தால் எடுங்கள். கோரையை இழுத்தால் தலை மட்டும்தான் வரும், கிழங்கோடு தோண்ட வேண்டும், ஒரே தடவையில் ஒழியாது, இடுப்பும் வலிக்கும். பார்த்தீனியத்தைப் பூக்கும் முன்பே, கையுறை போட்டுக்கொண்டு பிடுங்குங்கள். புல்லை ஒட்ட வெட்டாதீர்கள், கொஞ்சம் உயரமாக விட்டால் களைக்கு வெயில் கிடைக்காது. வெட்டின துணுக்கு அங்கேயே கிடக்கட்டும், அது மக்கி உரமாகும்.

உங்களில் சிலர் பெரிய வீடுகளில் தோட்ட வேலை பார்க்கிறீர்கள். முதலாளி அடிக்கச் சொன்னால் மறுப்பது கஷ்டம் என்று தெரியும். இந்தக் கடிதத்தை அவரிடம் காட்டுங்கள், தேவைப்பட்டால் நானே பேசுகிறேன். அடித்தே ஆக வேண்டும் என்றால் முழுக்கைச் சட்டையும் ஷூவும் கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் இறங்காதீர்கள், காற்றுக்கு எதிராக அடிக்காதீர்கள், அந்தத் துணியைப் பிள்ளைகள் துணியோடு சேர்த்துத் துவைக்காதீர்கள்.

சருகைச் சாக்கில் கட்டி சனிக்கிழமை காலையில் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள், பின்பக்கம் கம்போஸ்ட் குழி தயாராக இருக்கிறது. பிளாஸ்டிக் கவர் மட்டும் கலக்க வேண்டாம். மக்கிய உரம் வேண்டுமென்றால் ஆபீசில் பெயர் கொடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்
ஓசூர், கிருஷ்ணகிரி மாவட்டம்