மீன்தொட்டி ஹீட்டர்: வாட் கூடினால் பாதுகாப்பு கூடிவிடாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டு மீன்தொட்டிகள் பற்றித் தங்கள் நாளிதழில் வெளியான கட்டுரை, ஹீட்டரை மட்டும் தேவைக்குச் சற்று அதிகமான வாட்டிலேயே வாங்கச் சொல்கிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை.

நானும் அவ்வாறு எண்ணி 60 லிட்டர் தொட்டிக்கு 300 வாட் ஹீட்டரைப் பொருத்தியவன்தான். ஒருநாள் மாலை, வேண்டிய வெப்பம் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும் அதன் தெர்மோஸ்டாட்டின் தொடுமுனைகள் ஒட்டிக்கொண்டதால் சிவப்பு விளக்கு அணையவே இல்லை. இரண்டு மணி நேரம் கழித்து நான் பார்த்தபோது, 26 டிகிரி செல்சியஸில் இருந்த நீர் 33 டிகிரியைத் தொட்டிருந்தது. நீர் சூடாகும்போது அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைவதால், டெட்ரா மீன்கள் மேல்மட்டத்தில் வாய் பிளந்து தவித்துக்கொண்டிருந்தன. கணக்கும் எளியதே. 60 லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க 300 வாட்டுக்கு ஏறத்தாழ 14 நிமிடம் போதும். 100 வாட்டுக்கு 40 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதற்குள் தொட்டியும் அறைக்கு வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும் என்பதால், பழுதைக் கவனிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது.

லிட்டருக்கு ஒரு வாட் என்பது தொடக்கக் கணக்கு மட்டுமே. மீனுக்கு வேண்டிய வெப்பநிலைக்கும், அறை மிகவும் குளிரும் நேரத்து வெப்பநிலைக்கும் உள்ள இடைவெளியே உண்மையான அளவுகோல். ஐந்து டிகிரி இடைவெளிக்குப் போதுமான ஹீட்டர் பத்து டிகிரிக்குத் திணறும், மூடியில்லாத தொட்டியில் இன்னும் திணறும். வெப்பமண்டல மீன்கள் பெரும்பாலானவற்றுக்கு 24 முதல் 27 டிகிரி ஏற்றது, டிஸ்கஸ் மீனுக்கு 28க்கு மேல் வேண்டும். தங்கமீனுக்கோ வீட்டுக்குள் பெரும்பாலும் ஹீட்டரே தேவையில்லை (இதை விற்பவர்கள் சொல்வதில்லை!).

200 லிட்டர் தொட்டிக்கு 200 வாட்டில் ஒன்றை வாங்குவதைவிட 100 வாட்டில் இரண்டை இரு மூலைகளில் வைப்பதே என் வழக்கம். ஒன்று நின்றுபோனால் மற்றொன்று தாங்கும். ஒன்று அணையாமல் எரிந்தாலும் தொட்டி கொதிகலனாகாது. ஹீட்டரின் திருகில் உள்ள எண்ணை நம்பாமல் தனியாக ஒரு வெப்பமானியும் வேண்டும். நீர் மாற்றுமுன் பிளக்கைக் கழற்றிக் கால் மணி நேரம் ஆறவிடுவது அவசியம். நீர்மட்டத்துக்கு மேலே தெரியும் சூடான கண்ணாடிக் குழாயில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விட்டுவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்