ஏரிக் கணக்கு இருக்கிறது, தெருக் கணக்கு வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஏரிகளின் நீர் இருப்பைத் தங்கள் நாளிதழ் விடாமல் வெளியிட்டு வருகிறது. இருப்பு எவ்வளவு, வரத்து எவ்வளவு, மொத்தக் கொள்ளளவான 11,757 மில்லியன் கன அடியில் இன்னும் எவ்வளவு குறைகிறது என்பதெல்லாம் சென்னையில் டீக்கடையில்கூடப் பேசப்படுகிறது. அந்தத் தண்ணீர் ஏரியை விட்டுக் கிளம்பிய பிறகு குடிநீர் வாரியத்தின் எந்தப் பணிமனைக்கு (ஒவ்வொரு பகுதியின் வினியோகத்தையும் கவனிக்கும் அலுவலகம்) எவ்வளவு போனது, போனதில் எவ்வளவு கட்டணக் கணக்கில் ஏறியது என்பதையும் இதேபோல் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம்.

நகருக்குள் வரும் தண்ணீரை நாம் அளக்காமல் இல்லை. 1983 ஒப்பந்தப்படி ஆந்திரத்திலிருந்து கிருஷ்ணா நீர் ஆண்டுக்கு 12 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி) வர வேண்டும்: ஜூலை முதல் அக்டோபர் வரை 8, ஜனவரி முதல் ஏப்ரல் வரை 4. கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் இடமான ஊத்துக்கோட்டை அருகே ஜீரோ பாயிண்டில் ஒவ்வொரு கன அடியும் அளக்கப்படுகிறது. குறைந்தால் ஆந்திரத்துக்குக் கடிதம் போகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது, 50 வேகன், 25 லட்சம் லிட்டர் என்று ஊருக்கே தெரிந்தது. ஆனால் அதே கோடையில் தினசரி வினியோகம் சுமார் 83 கோடி லிட்டரிலிருந்து 52.5 கோடியாகக் குறைக்கப்பட்டதே, அந்தக் குறைப்பு எந்த வார்டில் எவ்வளவு விழுந்தது? கையில் கணக்கு இருந்திருந்தால் பற்றாக்குறையையாவது சமமாகப் பங்கிட்டிருக்கலாம். எங்கள் மடிப்பாக்கம் போல 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்த பகுதிகளுக்கு இது வெறும் புள்ளிவிவரப் பிரச்சினை அல்ல.

கட்டணத் தகவலுக்கு வருகிறேன். மீட்டர் இல்லாத வீட்டுக்கு அரையாண்டுக்கு ஒருமுறை வரும் கேட்பு நோட்டீசில் இரண்டு தொகைகள் இருக்கும். வரி, கட்டடத்தின் ஆண்டு மதிப்பை வைத்து. கட்டணம், வீட்டுக்கு இவ்வளவு என்று. வீட்டுக்குள் எத்தனை லிட்டர் போனது என்பதை இரண்டுமே பார்ப்பதில்லை. ஆக, நாம் கட்டண விவரம் என்று வைத்திருப்பது வீடுகளின் பட்டியல்தான். ஒரு தனி வீட்டை இடித்து எட்டு பிளாட் கட்டினால் அந்தப் பட்டியல்கூட உடனே மாறுமா என்பது, பதிவு செய்பவர் எவ்வளவு சீக்கிரம் பதிவு செய்கிறார் என்பதைப் பொறுத்தது. வால்வைத் திறப்பவரிடம் ஒரு நோட்டு, வசூல் பிரிவில் இன்னொரு நோட்டு என்று இருக்கும் வரை, தண்ணீர் எங்கே காணாமல் போகிறது என்று இரண்டு பேருக்குமே தெரியாது.

அளந்தால் என்ன நடக்கும் என்பதை எங்கள் குடியிருப்பில் பார்த்தோம். சங்கக் கணக்கை நான்தான் எழுதுகிறேன். முன்பு லாரித் தண்ணீர்ச் செலவை எல்லா வீட்டுக்கும் சமமாகப் பிரிப்போம். தனியாக இருக்கும் முதியவரும் ஆறு பேர் உள்ள குடும்பமும் ஒரே தொகை கட்டினார்கள். மாதக் கூட்டத்தில் சண்டை வராத நாள் கிடையாது. பிறகு வீட்டுக்கு வீடு மீட்டர் போட்டோம். ஒரு நாள் இரவு, எல்லோரும் குழாயை மூடிய பிறகு, டார்ச் அடித்து ஒவ்வொரு மீட்டராகப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் அந்தச் சின்னச் சிவப்புச் சக்கரம் மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. பிளஷ் டேங்க் வால்வு பழுது. சத்தமே இல்லாமல் இரவு பகலாக ஒழுகியிருக்கிறது. அந்த வீட்டுக்காரருக்கே தெரியாது. மறுநாள் பிளம்பர் வந்து வால்வை மாற்றினார், அடுத்த மாதமே லாரிச் செலவு குறைந்தது.

நகரத்துக்கும் வழி இதுதான். ஒரு பணிமனைப் பகுதிக்குள் நுழையும் பெரிய குழாயில் ஒரு மீட்டர், உள்ளே ஒவ்வொரு இணைப்பிலும் ஒரு மீட்டர். உள்ளே விட்டதிலிருந்து வீடுகளின் கூட்டுத்தொகையைக் கழித்தால் மிஞ்சுவது கசிவு, திருட்டு இணைப்பு, பழுதான மீட்டர் இவைதான். நேரம் வைத்துத் தண்ணீர் விட்டு, விடிய விடிய சம்ப் நிரம்பும் ஊரில் நள்ளிரவு ஓட்டத்தை மட்டும் வைத்துக் கசிவைச் சொல்லிவிட முடியாது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் வினியோகக் கணக்கும் வசூல் கணக்கும் ஒரே நுகர்வோர் எண்ணில் சேர வேண்டும் என்கிறேன்.

இது ஒன்றும் புதுக் கோரிக்கை அல்ல. தலைக்கு 135 லிட்டர், எல்லா இணைப்புக்கும் மீட்டர், வருவாய் தராத நீர் (வினியோகித்தும் கட்டணக் கணக்கில் ஏறாதது) 20 சதவீதத்துக்குள் என்று மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-லேயே அளவுகோல் வகுத்தது. ஒடிசாவின் புரி நகரம் 2021-ல் 24 மணி நேரக் குழாய்க் குடிநீருக்கு மாறியது. அந்த மாநிலத்தில் மகளிர் சுய உதவிக் குழுப் பெண்கள் 'ஜலசாத்தி' என்ற பெயரில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்க்கிறார்கள், ரசீது கொடுக்கிறார்கள், தண்ணீரின் தரத்தையும் சோதிக்கிறார்கள். குழுக்கள் வேரூன்றிய தமிழ்நாட்டில் இது ஏன் முடியாது?

மீட்டர் என்றாலே கட்டண உயர்வு என்று மக்கள் பயப்படுவது நியாயம். அதற்கு வழி இருக்கிறது. முதல் இரண்டு ஆண்டுகளுக்கு மீட்டர் அளவை ரசீதில் அச்சிட்டால் போதும், பணம் பழையபடியே இருக்கட்டும். பிறகு கட்டணம் நிர்ணயிக்கும்போது, அடிப்படைத் தேவைக்கான அளவு வரை மிகக் குறைந்த விலை என்று சட்டத்திலேயே எழுதிவிடலாம். தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிக்கும் லாரிக்கும் போகும் தண்ணீரும் அந்தந்தப் பணிமனைக் கணக்கில் வர வேண்டும். இல்லாவிட்டால் குழாயே இல்லாத ஏழைத் தெருக்கள் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும்.

நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-ல் அடிக்கல் நாட்டினார்கள். இதற்கு மின்சாரம் நிறையச் செலவாகிறது. அவ்வளவு செலவில் எடுக்கும் தண்ணீர் எந்தத் தெருவில் ஒழுகுகிறது என்று தெரியாமல் அடுத்த ஆலைக்குத் திட்டம் போடுவது சரியல்ல. 200 வார்டுகளிலும் ஒரே நாளில் வேண்டாம். குழாய் வலை முழுமையாக உள்ள ஒரு பணிமனையையும், எங்களைப் போன்ற புறநகர்ப் பணிமனை ஒன்றையும் எடுத்துக்கொண்டு, உள்ளே விட்ட அளவு, கட்டணத்தில் ஏறிய அளவு என்ற இரண்டு எண்களை மாதாமாதம் வெளியிடச் சொல்லி, தங்கள் செய்தியாளர்கள் அதிகாரிகளிடம் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
குடியிருப்போர் சங்கப் பொருளாளர் ஒருவர்,
மடிப்பாக்கம், சென்னை