அவன் கேட்டதை அப்படியே சொல்ல

அன்புள்ள ராஜி,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் விஷயத்தை ஜெயந்தி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். உன் வாயிலிருந்து வந்துவிடுமா என்ன! மாடிப்படி ஏறாதே.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் ஒரு பையனுக்காகப் பேசும் ஆளாக, அவன் பராமரிப்பு எப்படிப் போகிறது என்று பார்க்கும் மறுஆய்வுக் கூட்டத்துக்குப் போனேன். பேர், ஊர் கேட்காதே. 14 வயது, வளர்ப்பு வீட்டில் இருக்கிறான், தம்பி வேறொரு வீட்டில். இங்கிலாந்தில் கவுன்சில் (உள்ளாட்சி மன்றம்) பொறுப்பிலுள்ள பிள்ளைக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கூட்டம் நடக்கும். சமூகப் பணியாளர், வளர்ப்புத் தாய், டீச்சர், நடத்துகிற அதிகாரி என்று சுற்றிலும் பெரியவர்கள். நல்லவர்கள்தான். ஆனால் பேச்செல்லாம் அவன் தலைக்கு மேலேயே போகும்.

முந்தின நாளே கணக்கு நோட்டில் தாள் கிழித்து எழுதி வைத்திருந்தோம். 'தம்பியை வாராவாரம் பார்க்கணும். பக்கத்தில் யாரும் உட்கார்ந்து குறிப்பெடுக்கக் கூடாது.' கூட்டத்தில் அவன் வாயே திறக்கவில்லை, தாளை என் பக்கம் தள்ளினான். ஒரு சொல் மாற்றாமல் வாசித்தேன்.

பிள்ளைக்கு எது நல்லது என்று பார்க்க அங்கே ஆள் நிறைய, ராஜி. அவன் என்ன கேட்கிறான் என்று சொல்லத்தான் நான். இப்படிப் பிள்ளைக்காகப் பேசுகிறவர் கவுன்சிலுக்குக் கட்டுப்படாதவராக இருந்தே ஆக வேண்டும். தப்பாகக் கேட்டால் என்ன செய்வாய் என்பாய். கேட்கட்டுமே! முடிவெடுப்பது அவர்கள்தான். முடியாதென்றால் காரணத்தை அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். கடைசியில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை என்று ஒத்துக்கொண்டார்கள். இரண்டாவது வரியை அவன் பேனாவால் வட்டமிட்டு, "இதை அடுத்த தடவை" என்றான். எனக்கு அப்படியொரு சந்தோஷம்!

ஆனால் ஒன்று என்னை அரித்துக்கொண்டே இருக்கிறது. புகார் சொல்ல விரும்பும் பிள்ளைக்கு இப்படிப் பேச ஓர் ஆளை ஏற்பாடு செய்வது கவுன்சிலின் கடமை என்று 2002-லேயே சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள். இப்படி ஒருவர் கிடைப்பார் என்பதே தெரியாத பிள்ளை எப்படிக் கேட்கும்? வட வேல்ஸ் குழந்தைகள் இல்லங்களில் நடந்த கொடுமைகள் பற்றி 2000-இல் வந்த அறிக்கையைப் படித்தால் தூக்கம் வராது. அங்கே சொல்லிப் பார்த்த பிள்ளைகள் இருந்தார்கள், காதில் வாங்கத்தான் ஆளில்லை. இப்போது வேல்ஸில் பராமரிப்புக்குள் வரும் பிள்ளையிடம் தாங்களாகவே போய், 'உனக்காகப் பேச ஆள் வேண்டுமா' என்று கேட்கிறார்கள். இங்கேயும் அதைத்தான் செய்ய வேண்டும்.

நீ டியூஷன் எடுக்கும் இல்லத்தில் விசாரித்து எழுது. குழந்தைகள் நலக் குழு முன்னால் பிள்ளை நிற்கும்போது அதன் பக்கம் யார் நிற்கிறார்கள்? வார்டனைக் கேட்காதே, பிள்ளைகளையே கேள்.

ஊறுகாய் வந்து சேர்ந்தது என்று ஜெயந்தியிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
மீனா