ஒப்கோட்டுக்கு ஒரு பைட் போதும்

யாழ்ப்பாணம்

அன்பின் நண்பருக்கு,

நலம், நலமறிய ஆவல். இங்கே மாரி தொடங்கிவிட்டது. மழை விடாமல் பெய்ததால் உமது மெய்நிகர் இயந்திர வரைவை, அதாவது நிரலின் கட்டளைகளை ஒவ்வொன்றாக வாசித்து இயக்கும் மென்பொருளின் வரைவை, ஆறுதலாக வாசிக்க முடிந்தது.

ஒப்கோட்டுக்கு, அதாவது எந்தக் கட்டளை என்று சொல்லும் எண்ணுக்கு, 16 பிட், முழு எண்ணுக்கு 32 பிட் என்று எழுதியிருக்கிறீர். இரண்டையும் மாற்றும். ஜாவா மொழியின் மெய்நிகர் இயந்திரம் சுமார் 200 கட்டளைகளை ஒரே பைட்டுக்குள் (8 பிட்) அடக்கியிருக்கிறது; உம்மிடம் இருப்பதோ 60. மிச்ச இடத்தைச் சுருக்கக் கட்டளைகளுக்குக் கொடும்: 0, 1, -1 ஐ ஸ்டாக்கில் (கணக்குக்கான எண்களை அடுக்கி வைக்கும் இடம்) போட, முதல் நான்கு உள்ளூர் மாறிகளை எடுக்க. இவற்றுக்கு ஓபரண்டே (ஒப்கோட்டின் பின்னால் எழுதும் எண்) வேண்டாம்.

ஓபரண்டின் அகலம் வேறு, பெறுமானத்தின் அகலம் வேறு. வரைவில் இரண்டையும் ஒன்றாகப் பிணைத்துவிட்டீர். கணக்குப் பார்க்கும்போது எண் 64 பிட்டாகவே இருக்கட்டும். 32 பிட்டின் உச்சம் 2,147,483,647. 1970 இலிருந்து மில்லிசெக்கனில் எண்ணும் நேரம்கூட அதற்குள் கொள்ளாது. ஆனால் கட்டளை வரிசையில் 64 பிட் எழுதத் தேவையில்லை. 100 ஐப் போட ஒப்கோட்டோடு 2 பைட், 1000 க்கு 3. அதிலும் பெரிய எண்ணை மாறிலி அட்டவணையில் வைத்து அதன் சுட்டெண்ணை மட்டும் எழுதும்.

கவனம்: ஒரு பைட் ஓபரண்டைக் குறியில்லாததாக வாசித்து அப்படியே 64 பிட்டுக்கு விரித்தால் -56 போய் 200 வந்து நிற்கும். முதலில் குறியுள்ள 8 பிட்டாக மாற்றி, பிறகு விரியும்.

நிரலில் வேறு இடத்துக்குப் போகச் சொல்லும் தாவல் கட்டளைகளின் தூரத்துக்கு 8 பிட் ஆசை வேண்டாம். முன்னோக்கித் தாவும்போது தூரம் கம்பைலருக்கு (நிரலைக் கட்டளைகளாக மாற்றும் மென்பொருள்) அப்போது தெரியாது. பின்னர் ஒரு தாவலை நீட்டினால் அதைக் கடந்துபோகும் மற்றத் தாவல்களின் தூரமும் மாறும். பிறகு சுற்றிச் சுற்றித் திருத்த வேண்டியதுதான். குறியுள்ள 16 பிட் நிலையாக வையும். 32,767 பைட்டைத் தாண்டினால் கம்பைலர் பிழை காட்டட்டும். பேசாமல் மேல் பிட்டுகளை வெட்டினால் நிரல் எங்கேயோ போய் விழும்.

ஒரு பைட் ஒப்கோட்டின் பின்னால் வரும் 16 பிட் ஓபரண்ட், நினைவகத்தில் ஒற்றைப்படை முகவரியில் விழலாம். பைட்டைக் காட்டும் சுட்டியை 16 பிட் சுட்டியாக வலிந்து மாற்றி ஒரேயடியாக வாசித்தால் சில ஏஆர்எம் சில்லுகள் அங்கேயே நின்றுவிடும். இரண்டு பைட்டையும் தனித்தனியே எடுத்துச் சேர்ப்பதே நல்லது. எந்தப் பைட் முதலில் என்ற ஒழுங்கும் அதிலேயே நிலைபெறும்.

வகுத்தலில் பூச்சியத்தை மட்டும் பார்த்திருக்கிறீர். 64 பிட்டில் அடங்கும் ஆகக் குறைந்த மறை எண்ணை -1 ஆல் வகுத்தாலும், விடை 64 பிட்டுக்குள் கொள்ளாததால், இன்டெல் சில்லில் நிரல் விழும். அதையும் தடுத்துவிடும்.

சுருக்கக் கட்டளைகளை முடிவுசெய்ய முதல், உமது சோதனை நிரல்களில் எந்த ஒப்கோட் எத்தனை தரம் வருகிறது என்று எண்ணி அனுப்பும். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
உமது நண்பன்